மாணவப் பருவத்தில் முளைத்த ஆராய்ச்சி: அறிவியலறிஞர் சர் சி. வி. இராமன்

அறிவியல் ஆராய்ச்சி என்பது பெரும்பட்டம் பெற்றோர்க்கும், விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த கூடங்களில் பணியாற்றுவோர்க்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பிள்ளை நன்றாகப் படித்தால் மருத்துவராகலாம், வழக்கறிஞராகலாம், அரசாங்க அலுவலராகலாம் என்று பெற்றோர் கனவு காண்கின்றனர். ஆராய்ச்சியாளராகலாம் என்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஆராய்ச்சி சோறு போடுமா என்னும் கேள்வி, உழைத்து உண்ணும் குடும்பங்களில் எழுவது இயற்கை. அதனைக் குற்றம் என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்ற தமிழர் ஒருவர் உண்டு. அவரே சர் சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார். அவர்தம் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். மக்கள் எண்மருள் இவர் இரண்டாமவர். இவர் பிறந்தபொழுது தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவருடைய மாத ஊதியம் 10 ரூபாய். பெரியவர் ஆன பின்னரும் இராமன் இதனை மறைக்கவில்லை. எளிய குடும்பத்திலேயே தாம் பிறந்ததாக வெளிப்படையாகக் கூறி வந்தார்.

இராமன் சிறு குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். கணிதமும் பௌதிகமும் அவர் கற்பித்த பாடங்கள். வீட்டில் செல்வம் இல்லை. ஆனால் நூல்கள் இருந்தன. இசையும் இருந்தது, தந்தையார் வயலின் வாசிப்பார். நூலும் இசையும் சூழ்ந்த அவ்வீட்டில் வளர்ந்த சிறுவன் தன் பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினான். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தான். உருவத்தில் மிகச் சிறியவனாய் வகுப்பில் அமர்ந்திருந்த அவனைக் கண்ட ஆங்கிலப் பேராசிரியர் எலியட், இவன் உண்மையிலேயே இவ்வகுப்பு மாணவன்தானா என்று ஐயுற்று வினவினார் என்பர். அச்சிறுவனே 1904 ஆம் ஆண்டு இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றுப் பௌதிகத்திற்குரிய தங்கப் பதக்கத்தையும் வென்றான்.

கல்லூரியில் கண்ட புதுமை

இனி நாம் கூறப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. மாணவர்கள் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

அந்நாளில் மாநிலக் கல்லூரி பாடம் கற்பிக்கும் இடமாகவே இருந்தது. ஆராய்ச்சி செய்யும் இடமாக இல்லை. ஆய்வுக்கூடத்தில் மாணவர் செய்தவை அனைத்தும் விடை முன்னரே தெரிந்த சோதனைகள். புத்தகத்தில் உள்ள விடை வந்துவிட்டால் சோதனை முடிந்தது. வராவிட்டால் மீண்டும் செய்ய வேண்டும். முதுகலை மாணவரான இராமனும் அத்தகைய சோதனை ஒன்றையே செய்து கொண்டிருந்தார். முப்பட்டைக் கண்ணாடி ஒன்றின் கோணத்தை நிறமாலைமானியால் அளப்பதே அன்றைய வேலை. கண்ணாடியின் முகத்தில் மிகவும் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில், ஒளிப்பட்டைகளும் இருட்பட்டைகளும் மாறி மாறி அமைந்திருக்கக் கண்டார். அதில் வியப்பில்லை. ஒளி ஒடுங்கிய வழியே செல்லும்போது அவ்வாறு பட்டைகள் தோன்றும் என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. ஆனால் நடுவிலிருந்து இருபுறமும் அப்பட்டைகள் ஒத்திருக்கவில்லை. ஒரு புறத்துப் பட்டைகளின் அகலம் ஒருவிதமாகவும் மறுபுறத்தவை வேறுவிதமாகவும் இருந்தன. அவர் படித்த நூல்களில் இதற்கு விளக்கம் இல்லை.

வேறு மாணவராயின் கோணத்தைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பர். இராமன் திரும்பவில்லை. ஏன் இப்படி என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். ஒளி படும் சாய்வை மாற்றி மாற்றிப் பட்டைகளின் அகலத்தை அளந்தார். அளந்தவற்றைக் கணக்கோடு ஒப்பிட்டார். கண்டவற்றைக் கட்டுரையாக எழுதி இலண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மேகசின் என்னும் புகழ்பெற்ற அறிவியல் ஏட்டிற்கு அனுப்பினார். 1906 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அக்கட்டுரை அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. தொடர்ந்து திரவங்களின் பரப்பிழுவிசையை அளப்பது பற்றிய கட்டுரையும் அதே ஏட்டில் வெளிவந்தது. ஒளியியலிலும் ஒலியியலிலும் பேரறிஞராக விளங்கிய ரேலி பிரபு, பிற்காலத்தில் இவருக்கு மடல் எழுதியபோது, மாணவர் என்று அறியாது பேராசிரியர் என்றே விளித்தார் என்று கூறுவர்.

இங்கு இராமனின் ஆசிரியரையும் நாம் போற்ற வேண்டும். பௌதிகப் பேராசிரியர் ஜோன்ஸ், இம்மாணவனின் ஆற்றலை அறிந்து, அவரைத் தம் விருப்பம்போல் ஆய்வுக்கூடத்தில் உழைக்க விட்டார். முதுகலை பயின்ற இரண்டாண்டுகளில் இராமன் வகுப்புரைகளுக்குச் சென்றது மிக அரிது. ஆசிரியர் சில வேளைகளில் கற்பிக்க வேண்டும். சில வேளைகளில் வழிவிட்டு நிற்கவும் வேண்டும். இரண்டும் ஆசிரியப் பணியே.

அலுவலும் ஆராய்ச்சியும்

1907 ஆம் ஆண்டு இராமன் முதுகலைத் தேர்விலும் சிறப்புறத் தேறினார். மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்லலாம் என்று ஆசிரியர்கள் கருதினர். ஆனால் அவரைச் சோதித்த மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். அந்நாளில் இந்தியாவில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டு வாழ வழி ஏதும் இல்லை எனலாம். ஆகவே இராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். அவ்வாண்டே உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். பின்னர்க் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பணியேற்றார். நல்ல ஊதியம், உயர்ந்த பதவி, எதிர்காலத்திற்கு உறுதி. உற்றார் உறவினர் வேறென்ன வேண்டுவர்? பலருடைய வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடும். பட்டைகளைக் கண்ட மாணவன் கோப்புகளுள் மறைந்துவிடுவான்.

இராமன் மறையவில்லை. ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876 ஆம் ஆண்டு மக்களின் நன்கொடையால் நிறுவிய கழகம் அது. ஆய்வுக்கூடம் இருந்தது; கருவிகள் இருந்தன; ஆய்வு செய்வோர்தாம் இல்லை. இராமன் கதவைத் தட்டினார். அசுதோஷ் டே என்னும் உதவியாளர் கதவைத் திறந்தார். அன்று முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் இராமனுடன் உழைத்தார் என்பது வரலாறு. மகேந்திரலாலின் மகனும் கழகச் செயலாளருமான அமிர்தலால் சர்க்கார், தம் தந்தையாரின் கனவை நிறைவேற்ற ஒருவர் வந்துவிட்டார் என்று மகிழ்ந்து கூடத்தை ஒப்படைத்தார்.

அதன்பின் இராமனின் நாள் இவ்வாறு கழிந்தது. வைகறையில் எழுந்து ஆய்வுக்கூடம். வீடு திரும்பி அவசரமாகக் குளித்து உண்டு அலுவலகம். மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் ஆய்வுக்கூடம். இரவு வெகுநேரம் கழித்தே வீடு. ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்திலேயே கழியும். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோதும் ஆய்வைக் கைவிடவில்லை. இவ்வாறு பத்தாண்டுகள் ஓடின. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் நம் தோட்ட மக்களுக்கு அவ்வுழைப்பின் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை.

அக்காலத்தில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் நம் இசைக் கருவிகளும் அடங்கும். வீணை, தம்புரா, வயலின் ஆகியவற்றின் நரம்புகள் அதிரும் முறையை அவர் நுணுகி ஆராய்ந்தார். மிருதங்கத்தின் தோலில் நடுவே இடப்பட்டுள்ள கருநிறப் பூச்சைக் கோயில் திருவிழாக்களில் நம் மாணவர்கள் கண்டிருப்பர். மற்ற பறைகள் ஓசை மட்டுமே எழுப்ப, மிருதங்கம் சுருதியோடு இயைந்து ஒலிப்பதற்கு அப்பூச்சே காரணம் என்பதை இராமன் சோதனை செய்து நிறுவினார். நாள்தோறும் கேட்கும் ஒலியிலும் ஆராய்ச்சிக்குரிய பொருள் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பாதிச் சம்பளம்

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கிய சர் அசுதோஷ் முகர்ஜி, இராமனைப் பல்கலைக்கழகத்தின் பாலித் பௌதிகப் பேராசிரியராக வருமாறு அழைத்தார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சிக்கென வெளிநாடு செல்ல இராமன் மறுத்துவிட்டார், விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் அரசாங்கப் பணியில் அவர் பெற்ற ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே பல்கலைக்கழகம் தரக்கூடியதாக இருந்தது.

பெற்றோர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நிலையான அரசாங்கப் பதவியை விட்டுப் பாதிச் சம்பளத்திற்குப் போகிறேன் என்று நம் மகன் வந்து நின்றால் நாம் என்ன சொல்வோம்? இராமன் 1917 ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்றார். வருமானத்தைக் குறைத்துக்கொண்டு வாங்கியது எது? நாள் முழுவதும் ஆய்வு செய்யும் உரிமை. அதற்கு அத்தொகை மிகையான விலையன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

கடலின் நீலம் தந்த கேள்வி

1921 ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்காக இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். நார்க்குண்டா என்னும் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்பது ரேலி பிரபுவின் கருத்து. அறிஞர் பலரும் அதனை ஏற்றிருந்தனர். இராமனிடம் சிறியதொரு கருவி இருந்தது. அதன் வழியே நோக்கினால் நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியை விலக்கிவிடலாம். அவ்வாறு விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் துலங்கியது. அவ்வாறாயின் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்து, கப்பலில் இருந்தபடியே அதனைக் கட்டுரையாக்கினார்.

கல்கத்தா திரும்பியதும் மாணவர் குழுவோடு ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் இறங்கினார். ஏழாண்டுகள் உழைப்பு நடந்தது. மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரில் சிதறும் ஒளியோடு மங்கலான வேறொரு நிற ஒளியும் கலந்திருப்பதை 1923 ஆம் ஆண்டில் கண்டார். அரசாங்கச் சோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்ய வந்த வேங்கடேசுவரன், தூய கிளிசரினில் நீல ஒளிக்கு மாறாகப் பச்சை ஒளி சிதறுவதைக் கண்டார். வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமனின் வழிகாட்டலில் பற்பல திரவங்களைத் தூய்மைப்படுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தார். இறுதியில் 1928 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் உண்மை ஐயத்திற்கு இடமின்றித் துலங்கியது.

அவ்வுண்மை யாதெனில், ஒரு நிற ஒளியைத் தெளிந்த திரவத்தின் வழியே செலுத்தினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் வரும். மிகச் சிறு பகுதியோ நிறம் மாறி வரும். ஒளி மூலக்கூறோடு மோதும்போது தன் ஆற்றலில் சிறிது கொடுக்கின்றது, அல்லது சிறிது பெறுகின்றது. அதனால் நிறம் மாறுகின்றது. எவ்வளவு மாறும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆகவே அம்மாற்றத்தைக் கொண்டே பொருள் இன்னதென்று கண்டறியலாம். கைரேகை மனிதரைக் காட்டுவது போல அது பொருளைக் காட்டும். இதுவே இராமன் விளைவு. மருந்தின் தூய்மையையும் மணிக்கல்லின் உண்மையையும் அறிய இன்றும் இம்முறை பயன்படுகின்றது. இதனைக் கண்டறிய உதவிய கருவிகளோ சில நூறு ரூபாய்க்கு மேற்படாதவை.

1930 ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் இவரே.

வழிவந்த மாணவர்

1933 ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இராமன் பொறுப்பேற்றார். தாம் மாணவராக இருந்தபோது கிடைத்த வாய்ப்பை இளைஞர்களுக்குத் தருவதில் அவர் பேரார்வம் காட்டினார். பிற்காலத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு அடிகோலிய விக்ரம் சாராபாய் அவரிடம் ஆய்வு செய்தவர். மின்பொறியியல் கற்க வந்த ஜி. என். இராமச்சந்திரன் பௌதிகத்திற்கு மாறி இராமனின் மாணவரானார். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைப் பின்னர்ச் சென்னையில் கண்டறிந்தார். இராமனின் தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், அதே மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1983 ஆம் ஆண்டு அவரும் நோபல் பரிசு பெற்றார்.

பெரியோர் வரலாற்றில் குறையும் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. 1933 ஆம் ஆண்டு கமலா என்னும் பெண் பெங்களூர்க் கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்னும் காரணத்தால் இராமன் அவரைச் சேர்க்க மறுத்தார். கமலா பின்வாங்கவில்லை, தம் உரிமைக்காக வாதாடினார். ஓராண்டுக் காலம் சோதனையாகச் சில நிபந்தனைகளுடன் சேர்க்கப்பட்டார். தம் உழைப்பால் இராமனின் எண்ணத்தையே மாற்றினார். கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர் 1939 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் வந்த அன்னா மணி, இராமனின் கூடத்தில் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. எனினும் அவர் தளராது, இந்திய வானிலைத் துறையில் கருவிகள் வடிவமைக்கும் பெருவல்லுநராக உயர்ந்தார். நம் பள்ளி மாணவிகள் இவ்விரு பெயர்களையும் நெஞ்சிற் பதித்துக்கொள்வாராக.

1948 ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற பின்னரும் இராமன் ஓயவில்லை. தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் மணிக்கற்களையும் மலர்களின் நிறங்களையும் கண் காணும் முறையையும் ஆராய்ந்தார். 1954 ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்றார். 1970 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் மறைந்தார். அவர் விருப்பப்படி அந்நிலையத் தோட்டத்திலேயே அவருடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கின்றது. பிப்ரவரி 28 ஆம் நாளை 1987 ஆம் ஆண்டு முதல் இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகின்றது.

நாம் கொள்ள வேண்டியவை

இராமன் காலத்தில் ஆராய்ச்சிக்கென்று தனித்தொழில் இல்லை. அவரே வழியமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று நிலைமை வேறு. பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலும் மாணவர் பலர் இறுதியாண்டில் தாமே ஓர் ஆய்வைச் செய்து அறிக்கை எழுதுகின்றனர். அதில் சுவை கண்டோர் மேற்பட்டம் பெற்று ஆய்வு நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் பணியாற்றுகின்றனர். ஆராய்ச்சி நமக்குத் தொலைவானதும் அன்று. இந்நாட்டில் 1925 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய மர இனங்கள் தோட்டந்தோறும் நடப்பட்டன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மரத்தில் பால்வெட்டிய கைகள் நம்மிடையே பல உண்டு. அதிகப் பால் தரும் அம்மரம் தானாகத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்கில் மரங்களைப் பார்த்து, அளந்து, எழுதி வைத்தவர்களின் உழைப்பே அதற்குக் காரணம். ஆராய்ச்சி சோறு போடுமா என்று கேட்டோம். நம் குடும்பங்கள் பல உண்ட சோற்றில் ஆராய்ச்சியின் பங்கும் இருந்தது.

பெற்றோர்களே, வானம் ஏன் நீலம், பால் ஏன் உறைகிறது என்று பிள்ளை கேட்டால், தொல்லை என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டாலும் தாழ்வில்லை. சேர்ந்து தேடுவோம் என்று சொன்னால் போதும்.

மாணவச் செல்வங்களே, இராமனுக்குப் புகழ் தந்தவை விலைமிக்க கருவிகள் அல்ல. எல்லாரும் பார்த்ததையே அவரும் பார்த்தார்; ஆனால் ஒவ்வாத ஒன்றைக் கண்டபோது அதனை விட்டு அகலவில்லை. நீங்களும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரக் குமிழியில் தோன்றும் நிறத்தையோ, மழைக்குப்பின் கால்வாயில் ஏறும் நீரின் அளவையோ, விதை முளைக்கும் நாள்களையோ பார்த்து எழுதுங்கள். நூல் சொல்வதற்கு மாறாக எதையேனும் கண்டால் அழித்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். பதினெட்டு வயது மாணவர் ஒருவர் பட்டைகளின் அகலம் ஒத்துவரவில்லை என்று குறித்து வைத்ததிலிருந்தே இவ்வளவும் தொடங்கிற்று.